சென்சிடைசேஷன்: ‘துலங்கலேற்றம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே அளவு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது அதன் விளைவு கூடிக்கொண்டே போவதைச் சென்சிடைசேஷன் என்கிறார்கள். ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்தை வைத்துச் செய்யும் எலிச்சோதனைகளில் வரும் இந்தச் சொல்லுக்கு ‘உணர்திறன் மிகைப்பு’ என்று வைக்கலாம் என ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எலி என்ன உணர்கிறது என்பதை இந்தச் சோதனைகளில் யாரும் அளப்பதில்லை. அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

முதல் ஊசிக்கு எலி கூண்டுக்குள் அங்குமிங்கும் ஓடும், அவ்வளவுதான். அதே அளவை நாள் இடைவெளி விட்டு விட்டுப் போட்டுவந்தால் ஓட்டம் கூடிக்கொண்டே போகும். அப்புறம் ஓட்டம் குறைந்து, ஒரு மூலையில் நின்றபடி தலையை மேலும் கீழும் ஆட்டி, ஒரே இடத்தை முகர்ந்துகொண்டே இருக்கும். மருந்தின் அளவு ஏறவில்லை, ஏறியது துலங்கல், அதாவது தூண்டலுக்கு எலி காட்டும் எதிர்வினை. ‘தூண்டல் – துலங்கல்’ உளவியல் பாடநூல்களில் பழகிய இணைதான். ஆகவே ‘துலங்கலேற்றம்’ என்கிறேன்.

‘கூர்ப்பு’ என்ற யோசனையும் வந்தது. அழகான சொல். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது பரிணாமத்தைக் குறிக்கிறது. அங்குள்ள மாணவர் குழம்பிப்போவார்.

எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது. மருந்து பழகப் பழக விளைவு குறைவதைத் ‘துலங்கலிறக்கம்’ எனலாம். இந்த இணை இங்கே மிகவும் தேவை. 1986இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ராபின்சனும் பெக்கரும், ஆம்பெட்டமைனால் மனிதருக்கு வரும் உளப்பிறழ்வை (சைக்கோசிஸ்) ஆராய உதவும் விலங்குச் சோதனைகளை மதிப்பிட்டு எழுதியபோது, மருந்தை இடைவிடாமல் உடலில் செலுத்துவதையும் விட்டு விட்டு ஊசி போடுவதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். விட்டு விட்டுப் போடும்போதுதான் ஏற்றம் பளிச்சென்று தெரிகிறது. மருந்தை நிறுத்தி மாதங்கள் கடந்தும் அது மறைவதில்லை.

மனிதரிடத்தில் இதற்கு ஒப்பானதை ஜப்பானிய மருத்துவர்கள் 1983இல் பதிவு செய்தார்கள். ஆம்பெட்டமைன் வகையைச் சேர்ந்த மெத்தாம்பெட்டமைனால் உளப்பிறழ்வு வந்து, குணமாகி, நெடுநாள் அதைத் தொடாமல் இருந்தவர்களுக்கு, மீண்டும் எடுத்ததும் அதே சந்தேகமும் பயமும் சட்டென்று திரும்பிவிட்டன. இப்படிப்பட்ட நோயாளியின் வீட்டாருக்குத் தமிழில் விளக்க வேண்டிய மருத்துவரை நினைத்துத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன். ‘உணர்திறன்’ என்றால் அவர்கள் ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

உளப்பிறழ்வு என்ற சொல் அப்படியே இருக்கட்டும். ‘மனச்சிதைவு’ ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு உரியது, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ‘துலங்கலேற்றம் அடைந்த எலி’ என்று எழுதுவதா, ‘துலங்கல் ஏறிய எலி’ என்பதா? வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்; எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.