'தற்காலிகப் பிளாந்தன்' வேண்டாம், 'பகுதிவாழ்வுப் பிளாந்தன்' என்போம்

வணக்கம். நீரோட்டத்தோடு மிதந்து வாழும் உயிர்கள்தான் பிளாந்தன், அவற்றில் வாழ்நாளின் ஒரு பகுதியை மட்டும் மிதந்து கழிப்பவை மெரோபிளாந்தன். இந்தச் சொல்லுக்குத் தமிழில் 'தற்காலிகப் பிளாந்தன்' போதும் என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். சொல்ல இலகுதான், ஆனால் ஆழமில்லாத கரையோர நீரைப் பற்றி எழுதும்போது அது காலை வாரிவிடும்.

வடகீழ்ப் பருவமழையில் மட்டக்களப்பு வாவி போன்ற இடங்களில் ஆற்று நீர் இறங்கி உவர்ப்பு குறைகிறது, தாங்காத இனங்கள் அருகிவிடுகின்றன, அப்புறம் மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் வெள்ளம் கொண்டுவந்த போசணையில் நுண்ணல்காக்கள் பெருக, அவற்றைத் தின்னும் கொப்பிபொட்டுகளும் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள்) பெருகுகின்றன. சில இனங்களின் முட்டைகள் அடிச்சேற்றில் உறங்கிக் கிடந்து நல்ல காலம் பார்த்துப் பொரிக்கும். இப்படி வந்து போனாலும் கொப்பிபொட்டு மெரோபிளாந்தன் அல்ல, பொரித்த நாள்முதல் சாகும்வரை அது மிதந்தே வாழ்கிறது. கடல் நண்டுக்கோ முட்டை பொரித்ததும் குடம்பியாக இருக்கும் சில வாரம் மட்டும்தான் மிதப்பு, பிறகு அடிக்கு இறங்கிவிடும். 'தற்காலிக' என்றால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

'இளம்பருவப் பிளாந்தன்' என்ற யோசனையும் சரிவராது. 'இளம்பருவப் பிளாந்தனின் பருவகால மாற்றம்' என்று எழுதிப் பாருங்கள், எந்தப் பருவம் வயது, எந்தப் பருவம் மழை? அதோடு ஜெலி மீன்களில் பல இளமையில் அடியில் ஒட்டியிருந்து, முதிரும்போதுதான் மிதக்கின்றன.

ஹட்டனில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் எனக்கு இதில் அக்கறை அதிகம். காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் வைத்தால் சைக்கிளொப்ஸ் என்ற கொப்பிபொட்டு ஒற்றைச் சிவப்புக் கண்ணும் இருபுறமும் முட்டைப்பையுமாகத் துள்ளித் துள்ளிப் போகும், பிள்ளைகள் விடமாட்டார்கள். ஆனால் மிதக்கும் நண்டுக் குடம்பியைக் காட்ட வழியில்லை. எங்கள் ஓடை நண்டு முட்டையிலிருந்தே குட்டி நண்டாக வெளிவருவது. பார்க்காத ஒன்றைச் சொல்தான் விளக்க வேண்டும்.

1890இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தச் சொற்களை அமைத்தபோது 'மெரோ' என்று வைத்தது பகுதி என்ற பொருளில். ஆகவே மெரோபிளாந்தன் பகுதிவாழ்வுப் பிளாந்தன், வாழ்நாள் முழுதும் மிதக்கும் ஹோலோபிளாந்தன் முழுவாழ்வுப் பிளாந்தன். 'வாழ்வு' இருப்பதால் மழைக்காலம் உள்ளே நுழையாது. தமிழ்நாட்டு நண்பர்கள் பிளாந்தனுக்குப் பதில் மிதவை உயிரி என்றே போட்டுக்கொள்ளலாம், முன்னொட்டு இரண்டும் அப்படியே பொருந்தும். மறுப்பு இருந்தால் அடுத்த தவணைக் குறிப்புகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுதுங்கள்.