மேல்மாடி அறை, 1.5 டன் ஏசி, இரவு 10 மணிக்கும் 30 டிகிரி. என்ன செய்யலாம்?

காட்பாடி_மாடிவீடு:
வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு மேல் வெறும் மொட்டை மாடிதான். 12க்கு 14 அறையில் 1.5 டன் ஏசி. அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து 24-ல் வைத்தாலும் இரவு 10 மணிக்கு அறை 30-ல் நிற்கிறது. கட்டில்மேல் ஏறி சீலிங்கைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கிறது. ஏசி பார்க்க வந்தவர்கள் கேஸ் சரியாக இருக்கிறது, 2 டன் மாற்றுங்கள் என்கிறார்கள். அந்த அறையில் 70 வயது அம்மா படுக்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஏசி_மெக்கானிக்_திருச்சி:
மாற்றாதீர்கள் தம்பி. சீலிங் சூட்டை நீங்களே சொல்லிவிட்டீர்கள், கோளாறு அங்கேதான். மொட்டை மாடித் தளம் மதியம் குடித்த வெயில் மெதுவாக இறங்கி இரவில்தான் அறைக்குள் வந்து சேரும். 2 டன் வாங்கினால் அதே சூட்டை இன்னும் அதிகக் கரண்ட் செலவழித்து வெளியேற்றுவீர்கள், அவ்வளவுதான். இன்னொன்று, 1.5 டன் என்ற குளிரூட்டும் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த கணக்கு. 42 அடிக்கிற நாளில் அவ்வளவு வராது.

முதலில் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் நல்லது, கை கடித்தால் சுண்ணாம்பே போதும். பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் இரண்டு கோட். சுண்ணாம்பு மழையில் கரையும், வருடா வருடம் பங்குனியில் அடிக்க வேண்டியிருக்கும். பிறகு தூசி படிந்து மங்கினால் கழுவிவிடுங்கள், மங்கிய வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது.

நிழல் வலை கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் தளத்தோடு ஒட்டி விரிக்காமல் ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள், இடையில் காற்று ஓட வேண்டும்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரையால் என்ன செய்ய முடியும்? அவுட்டோர் யூனிட் வெயிலில் இருந்தால் மேலே ஒரு கூரை போடுங்கள், காற்று வெளியேறும் முன்பக்கத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: இந்த வேலையெல்லாம் முடியும்வரை அம்மாவைக் கீழ்த்தளத்தில் படுக்க வையுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, நாம்தான் கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

பெரம்பூர்_வாசி:
வெட்டிவேர் தட்டி நனைத்துக் கட்டலாமே? தாத்தா வீட்டில் அப்படித்தான்.

ஏசி_மெக்கானிக்_திருச்சி:
வேலூரின் வறண்ட காற்றுக்கு அருமையாக வேலை செய்யும், ஏசி இல்லாத கூடத்தில் கட்டுங்கள். ஏசி ஓடும் அறையில் வேண்டாம். அந்த ஈரத்தையும் ஏசிதான் பிழிந்து எடுக்க வேண்டியிருக்கும். சென்னையில் கடற்காற்று வீசும் நாளில் காற்றிலேயே ஈரம் நிறைய, அதனால் தட்டி அவ்வளவாகக் குளிராது.

காட்பாடி_மாடிவீடு:
நன்றி அண்ணா. அம்மாவுக்கு இன்றே கீழே கட்டில் போடுகிறேன். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றலாமா?

ஏசி_மெக்கானிக்_திருச்சி:
தளத்தில் விரிசல் இல்லையென்றால் ஊற்றலாம். வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் போதும், தேக்க வேண்டாம். வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். அப்புறம் சாத்திவிட்டு ஏசியை 26-ல் போட்டு, கூடவே சீலிங் ஃபேனையும் போடுங்கள். 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.