கோபோல்டு குகை வாசலைக்கூடத் தாண்ட முடியல. மாட்யூல் தப்பா, நான் தப்பா?

பகடைப்பாண்டி:
வணக்கம். 'டன்ஜன்ஸ் & டிராகன்ஸ்'ல (ஆளுக்கொரு பாத்திரமா, பகடை உருட்டி ஒரு கதைக்குள்ள ஆடுற ஆட்டம்) கேம் மாஸ்டரா, அதாவது கதையை நடத்துறவனா, நான் உட்கார்றது இதுதான் முதல் தடவை. சொந்தமா ஒரு உலகம் கட்ட நேரமில்லாததால ரெடிமேட் இடம் தேடி, கேரி கைகாக்ஸ் எழுதின 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்' மாட்யூலை (ரெடிமேட் சாகசப் புத்தகம்) பிடிஎஃப்ல வாங்கினேன். ஒரு எல்லைக்கோட்டை, பக்கத்துல ஒரு பள்ளத்தாக்கு, அது நிறைய குகைங்க. ரூல்ஸ் அந்த ஆட்டத்தோட 1981 பேசிக் பதிப்பு. ஆடுறது நாலு பேர்: ஃபைட்டர், தீஃப், கிளெரிக் (பூசாரி), மேஜிக் யூசர் (மந்திரவாதி).

ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. ரெண்டு தடவையும் முதல் குகையிலேயே கதை முடிஞ்சுது. மரத்துல இருந்து எட்டு கோபோல்டு (குட்டி அரக்கனுங்க) குதிச்சுது, இவங்க பயந்து உள்ள ஓடினாங்க, நாலு பேருமே குழியில விழுந்தாங்க, சத்தம் கேட்டு காவல்காரனுங்களும் எலிங்களும் வந்து கூடிருச்சு. மேஜிக் யூசருக்கு ரெண்டே ஹெச்பி (உயிர்ப் புள்ளி). அந்தப் பையன் ரெண்டு வாரமா வந்து பிரியாணி மட்டும் சாப்பிட்டுட்டுப் போறான்.

எல்லாருக்கும் ஹெச்பியை ரெட்டிப்பாக்கிடவா? இல்ல வேற மாட்யூலுக்கே மாறிடவா?

குகைவாசி:
முதல்ல ஒரு கேள்வி. அந்த எட்டு கோபோல்டும் கட்டாயம் குதிக்கும்னு யார் சொன்னது? ஆறுக்கு ரெண்டு வாய்ப்புதான், பகடை உருட்டணும். குழியும் முக்கியமா முன்வரிசைக்குத்தான், அதுவும் ஆறுக்கு மூணு. கழியால தரையைத் தட்டிக்கிட்டே போனா அந்தப் பேச்சே இல்ல. அப்புறம், முன்னுரையில எத்தனை பேருக்குன்னு போட்டிருக்குன்னு பார்த்தீங்களா?

பகடைப்பாண்டி:
ஐயோ. இப்பதான் பார்க்கிறேன். ஆறுல இருந்து ஒம்பது பேர். பகடை எதுவும் உருட்டல, எல்லாம் கட்டாயம் நடக்கும்னு நினைச்சுட்டேன்.

மீனாட்சி_டிஎம்:
தம்பி, ஹெச்பியைத் தொடாதீங்க. ஆள் குறைவா இருந்தா கோட்டைச் சத்திரத்துலயே கூலிக்கு வீரர்கள் கிடைப்பாங்க, ரெண்டு மூணு பேரைச் சேர்த்துக்கச் சொல்லுங்க. ஆனா உங்க சிக்கல் வேற இடத்துல இருக்கு. உங்க ஆளுங்க எதைப் பார்த்தாலும் வெட்டணும்னு நினைக்கிறாங்க. இந்த ரூல்ஸ்ல அதுக்குப் பெருசா கூலி கிடையாது.

ஒரு கோபோல்டுக்கு 5 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). நாப்பது கோபோல்டை வெட்டினாலும் 200, நாலா பிரிச்சா ஆளுக்கு 50. ஃபைட்டர் ரெண்டாவது லெவல் போக 2,000 வேணும். ஆனா குகையில இருந்து பத்திரமா வெளிய கொண்டு வர்ற ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு எக்ஸ்பி. சண்டையே போடாம புதையலைத் தூக்கிட்டு வந்தவன்தான் இங்க கெட்டிக்காரன். இதை ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்லிடுங்க. எங்க குழுவுல நான் சொல்லாம விட்டு மூணு கிளெரிக்கைப் புதைச்சோம்.

இன்னொண்ணு, மொராலை (எதிரிங்களோட மன உறுதியை) விட்டுட்டீங்கன்னு நினைக்கிறேன். கோபோல்டுக்கு மொரால் 6. அவங்க பக்கம் முதல் ஆள் விழுந்ததும் ரெண்டு பகடை உருட்டுங்க, ஆறுக்கு மேல விழுந்தா ஓட்டம்தான். பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு.

நவீனன்5இ:
இவ்ளோ கணக்கு எதுக்கு? இதே ஆட்டத்துக்கு 2014ல வந்த ஸ்டார்ட்டர் செட்டுல இருக்கிற 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்' எடுங்க. புதுசா நடத்துறவங்களுக்குன்னே எழுதினது.

மீனாட்சி_டிஎம்:
நல்ல மாட்யூல்தான். ஆனா அதுலயும் வழியில மறைஞ்சிருக்கிற முதல் நாலு காப்ளின்களே (இவங்களும் குட்டி அரக்கனுங்கதான்) எத்தனையோ குழுவைச் சாய்ச்சிருக்கு! ஒரு வித்தியாசம்: அங்க தோத்தாலும் உயிரை எடுக்க மாட்டாங்க. மயங்கிக் கிடக்கிறவங்களையும் வண்டியையும் கொள்ளையடிச்சுட்டுப் போயிடுவாங்க. இந்த யோசனையைத் தம்பி தாராளமா இங்க சுட்டுக்கலாம்.

குகைவாசி:
பாண்டி, கோபோல்டு குகையில ஆரம்பிக்கணும்னு கட்டாயமே இல்ல. காப்ளின் குகையைப் படிங்க. ஆபத்துன்னா காப்ளின்கள் "ப்ரீ-யார்க்"னு கத்திட்டு, ரகசியக் கதவு வழியா 250 பொற்காசு மூட்டையைப் பக்கத்துக் குகையில இருக்கிற ஓகர்கிட்ட (பெரிய அரக்கன்) எறிவாங்க. அவன் சண்டைக்கு வந்துடுவான். ஆனா கோட்டையில உலாவுற வதந்திப் பட்டியல்ல, அந்தச் சொல்லுக்கு "சரணடையுறோம்"னு அர்த்தம்னு ஒரு பொய் இருக்கு. அந்த வதந்தியை எப்படியாவது உங்க ஆளுங்க காதுல போட்டுடுங்க. மிச்சத்தை அவங்களே பார்த்துப்பாங்க.

பகடைப்பாண்டி:
சின்னதா இன்னொரு தொல்லை. கோட்டையில யாருக்கும் பேரே இல்ல. கோட்டைத்தலைவர், பூசாரி, சத்திரக்காரர்னு பதவி மட்டும்தான். "உங்க பேரென்ன?"ன்னு கேட்டதும் திணறிட்டேன். புத்தகத்துல இருக்கிற வர்ணனையை இங்கிலீஷ்ல வாசிச்சா போனை நோண்ட ஆரம்பிச்சுடுறாங்க.

மீனாட்சி_டிஎம்:
பத்துப் பெயரை எழுதி ஒரு துண்டுச்சீட்டு வெச்சுக்கோங்க, கேட்கக் கேட்க ஒண்ணொண்ணா அடிச்சுட்டு வாங்க. வர்ணனையை வாசிக்காதீங்க. முதல் நாளே படிச்சு, இடத்துக்கு மூணு விஷயம் மட்டும் எடுத்துக்கிட்டு தமிழ்ல பேசுங்க: என்ன தெரியுது, என்ன நாத்தம், என்ன சத்தம்.

பகடைப்பாண்டி (அடுத்த ஞாயிறு ராத்திரி):
ஆடிட்டோம்! மூணு கூலி வீரர்களைச் சேர்த்தாங்க, கழியும் வாங்கினாங்க. காப்ளின்கள் "ப்ரீ-யார்க்"னு கத்தினதும் நம்ம ஃபைட்டர் பெருந்தன்மையா வாளைக் கீழ வெச்சான். ஓகர் வந்து நின்னான். எல்லாரும் உறைஞ்சு போயிட்டாங்க. பிரியாணிப் பையன்தான் எழுந்து, "அவங்க எவ்ளோ கொடுத்தாங்க? நாங்க மேல 50 தர்றோம்"னான். அவன் எப்படி எடுத்துக்கிறான்னு பார்க்க ரெண்டு பகடை உருட்டினேன், பதினொண்ணு. ஓகர் யோசிக்கிறான்.

பிரச்சினை என்னன்னா அவங்ககிட்ட மொத்தமே 38 காசுதான் இருக்கு. அடுத்த வாரம் வரைக்கும் ஓகரை யோசிக்க விட்டிருக்கேன்.

குகைவாசி:
காப்ளின் எறிஞ்ச மூட்டை இன்னும் அங்கதானே கிடக்கு? அதை யாராவது எண்ணிப் பார்த்தாங்களா?