நூற்றாண்டு மலர்: நம்ம பள்ளி விளையாட்டு வரலாறு எங்கே தொடங்குது?

ஆத்துமணல்:
மலருக்கான விளையாட்டு அத்தியாயத்தை நேத்து குழுவுல போட்டிருந்தீங்க. பதினொரு பக்கம். கிரிக்கெட்டுக்கு நாலு, ஹாக்கிக்கு மூணு. சடுகுடுவுக்கு ஒரே வரி: "ஓய்வு நேரத்தில் ஆடினர்."

ஓய்வு நேரமா? ஜனவரி 28ல மேட்டூர் அணையை மூடினா ஜூன் 12ல திறக்கிற வரைக்கும் ஆறுதானே நம்ம மைதானம்! நாலரை மணி பெல் அடிச்சதும் ஓடுவோம். குதிகாலால கோடு கிழிப்போம். நாலு பேரு பாடிட்டு வர்றதுக்குள்ள கோடு அழிஞ்சிரும், மறுபடி கிழிப்போம். தாகமெடுத்தா மணலைக் கையால தோண்டி, ஊத்து தெளியிற வரைக்கும் குந்தியிருந்து அள்ளிக் குடிப்போம். எங்க வகுப்புல பாதிப் பேரு அங்கதான் இருந்தோம்.

பழைய கேப்டன்:
தம்பி, அந்தப் பக்கங்களை எழுதியவன் நான்தான். கோப்பை இருக்கிறது, அதில் வருஷம் வெட்டியிருக்கிறது. ஸ்கோர் நோட்டு இருக்கிறது. ஆற்று மணலில் யார் யாரைப் பிடித்தார்கள் என்பதற்கு என்ன இருக்கிறது? ஆதாரம் இல்லாமல் எழுதினால் அது கதை.

குடமுருட்டி:
ஆதாரம்னு சொல்றீங்களேண்ணே, உங்க முதல் பக்கமே வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் பெட்டியிலிருந்து ஹாக்கி மட்டையை எடுத்துப் பையன் கையில கொடுத்த கதைதானே. அதுக்கு எந்தக் கோப்பை சாட்சி?

இங்கிலாந்தில் ரக்பி பள்ளியிலும் இப்படித்தான். 1823ல வெப் எல்லிஸ்ங்கிற மாணவர் பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினார், ரக்பி ஆட்டம் பிறந்ததுன்னு சொல்வாங்க. அவர் 1872ல இறந்துட்டார். கதை எழுத்துல வந்தது 1876ல. எழுதினவர் நேரில் பார்த்தவரும் இல்லை. 1895ல பழைய மாணவர் சங்கமே விசாரிச்சது, கண்ணால் பார்த்த ஒரு சாட்சியும் கிடைக்கல. ஆனாலும் 1900ல கல்வெட்டு வெச்சாங்க, இன்னைக்கு ரக்பி உலகக்கோப்பைக்கே அவர் பேரு. உறுதியா தெரிஞ்சது எதுன்னா, 1845ல அந்தப் பள்ளி மாணவர்களே உட்கார்ந்து விதிகளை எழுதினதுதான். பையன்கள் உண்டாக்கின ஆட்டம் அது, பெரியவங்க கொடுத்தது இல்லை.

பழைய கேப்டன்:
மட்டைக் கதை எங்கள் டிரில் மாஸ்டர் சொன்னது. எடுத்துவிடுகிறேன், அதில் நீ சொல்வது சரி.

ஆனால் ஒன்று. 1920ல் ஹாரி பக் மதராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த வாத்தியார்கள் இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வாலிபால் ஏது, பாஸ்கெட்பால் ஏது? சடுகுடுவை வளர்த்தது ஊர். வடுவூரைப் பாருங்கள், ஊரே கபடி ஊர். பள்ளி வரலாறு பள்ளி செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஆத்துமணல்:
அப்ப செய்யாததையும் சொல்லுங்கண்ணே. கேம்ஸ் ஃபீஸ் எல்லார்கிட்டயும்தான் வாங்கினாங்க. எட்டாவதுல ஹாக்கி செலக்‌ஷனுக்குப் போனேன். கேன்வாஸ் ஷூ இல்லாதவன் வரிசையில நிக்காதேன்னு வெளியே அனுப்பிட்டாங்க. குறுவை அறுத்ததும் வாங்கித் தர்றேன்னார் அப்பா. அறுத்தப்போ டீமே போட்டு முடிச்சிருந்தாங்க. தையில ஆத்துல தண்ணி நின்ன பிறகுதான் எனக்கு ஆட்டம் கிடைச்சது. அங்க வெறுங்கால் போதும்.

வடவாற்றுப் பெண்:
எங்களுக்கு ஒரு போட்டோ. அதிலும் கொடி பிடித்து நிற்கிறோம். வேப்பமரத்தடியில் டென்னிகாய்ட் வளையம் பிடித்துப் பிடித்து விரல் வீங்கினதை யார் எழுதுவது?

குடமுருட்டி:
கபடி 1936ல பெர்லின் ஒலிம்பிக் சமயத்துல காட்சி ஆட்டமா போச்சு, ஆசிய விளையாட்டுல பதக்க ஆட்டமானது 1990ல பெய்ஜிங்ல. ஏட்டுல ஏறின வருஷத்தை வெச்சு ஆட்டத்துக்கு வயசு சொல்ல முடியாதுண்ணே.

பழைய கேப்டன்:
ஷூ விஷயம் எனக்குத் தெரியாது, தம்பி. அந்த டீமில் நான் இருந்திருக்கலாம். உனக்கு மூன்று பக்கம், அந்தப் பெண்ணுக்கு இரண்டு. கிரிக்கெட்டிலும் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறேன். நீயே எழுது, ஷூவையும் சேர்த்து. ஒரு வார்த்தை திருத்த மாட்டேன். ஆனால் கூட ஆடியவர்கள் இரண்டு பேராவது சாட்சி சொல்ல வேண்டும். முதல் பக்கம் ஹாக்கிதான், அதில் மாறமாட்டேன்.

ஆத்துமணல்:
ரெண்டு இல்லண்ணே, ஒன்பது பேரு இருக்கோம். ஞாயித்துக்கிழமை படித்துறைக்கு வாங்க, முதல் பக்கத்தையும் அங்கேயே பேசுவோம். மணலை அள்ளிட்டுப் போயிட்டாங்க, இப்ப பள்ளமும் நாணலும்தான் இருக்கு. கோடு கிழிச்ச இடத்தைக் கரையிலிருந்து காட்டுறேன்.