கார்க் நகரில் வசிக்கும் தமிழர்களே, ஒரு பழைய சந்தினை அடையாளம் காண உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். லண்டன் டாகன்ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் முதியவர், 1950களில் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து இங்குள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை செய்ய வந்தவர். அப்படி வந்தவர்கள் ஏராளம். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அவர்களை ‘டாகன்ஹாம் யாங்க்ஸ்’ என்றே அங்கே அழைத்தார்கள்.

அண்மையில் அவருடைய மறைந்த தங்கையின் பெட்டியிலிருந்து மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து அவருடைய பேச்செல்லாம் லீ ஆற்றையும் இங்கிலிஷ் மார்க்கெட்டையும் பற்றியே இருக்கிறது. பேட்ரிக் தெருவில் டிராம் ஓடும் படம், டிராம்கள் நிறுத்தப்பட்ட 1931க்கு முந்தையது. பழைய ஆப்பரா ஹவுஸ் தெரியும் படம், அது தீக்கிரையான 1955க்கு முந்தையது.

மூன்றாவது படத்தில் படிகள் கொண்ட ஒரு குறுகலான சந்தும், பின்னால் ஷாண்டன் புனித ஆன் ஆலயக் கோபுரமும் இருக்கின்றன. அக்கோபுரத்தின் வடக்கும் கிழக்கும் செம்மணற்கல், தெற்கும் மேற்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் என்பதாலும், படத்தில் தெரியும் இரு பக்கங்களும் வெளிறியே இருப்பதாலும், தென்மேற்கிலிருந்து, அதாவது பிளார்னி தெருப் பக்கமிருந்து எடுத்திருக்கலாம் என்று கருதுகிறேன். தாம் சிறுவயதில் விளையாடிய இடம் அதுதான் என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். பெயர்தான் நினைவுக்கு வரவில்லை.

அவரால் இனிப் பயணம் செய்ய இயலாது. அருகில் வசிப்பவர்கள் இப்படத்தை அங்குள்ள மூத்தவர்களிடம் காட்டி விசாரித்து, சந்தின் பெயரையும், முடிந்தால் அதே கோணத்தில் எடுத்த இன்றைய படத்தையும் இங்கே பதிவிட வேண்டுகிறேன்.