ரிமாண்டில் இருக்கும் தம்பிக்கு வைத்தியம்: சிறைத் துறைக்கு வெளியே யாரிடம் கேட்பது?

கோவில்பட்டிக்காரி:
தம்பி ரிமாண்டில் இருக்கிறான். போன வாரம் மனு போட்டுப் பார்த்தபோது விரலிடுக்கெல்லாம் சிரங்கு. சீழ் வைத்துக் கையை மடக்க முடியவில்லை. உள்ளே இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்ததோடு சரி. ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போகக் கேட்டால் "எஸ்கார்ட் இல்லைம்மா" என்கிறார்கள், காவலுக்குக் கூடப் போகப் போலீஸ் இல்லையாம். மேலே எழுதிப்போட்டால் அவன்மேல் திரும்பிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அவர்களைக் கேள்வி கேட்க வெளியில் ஆளே இல்லையா?

கோர்ட் குமாஸ்தா:
இருக்கிறார்கள். மாவட்ட நீதிபதி, கலெக்டரெல்லாம் சிறையைப் பார்வையிட வேண்டியவர்கள்தான். டெல்லி திகார் சிறையில் சக கைதி ஒருவரை வார்டர் (சிறைக் காவலர்) சித்திரவதை செய்ததை சுனில் பத்ரா என்ற கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, கலெக்டர், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் புகார்ப்பெட்டி வைக்கச் சொன்னது. மனித உரிமை ஆணையமும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

உள்ளே இருந்தவன்:
அண்ணே, பெட்டி சுவரில் இருக்கும், சீட்டுப் போடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள். நீதிபதி வருகிறார் என்றால் முந்தின நாளே பினாயில் வாசனை வந்துவிடும். அன்றைக்குச் சாம்பாரில் காய் கிடக்கும். "குறை ஏதும் உண்டா?" என்று அவர் கேட்கும்போது பக்கத்திலேயே வார்டர் நிற்பார். யார் வாயைத் திறப்பான்? சொல்லாமல் வந்து, தனியாகக் கூப்பிட்டுப் பேசினால்தான் அது ஆய்வு. மற்றதெல்லாம் விருந்தாளி வருகை.

கோர்ட் குமாஸ்தா:
அதை மறுக்கவில்லை. அதனால்தான் தங்கச்சி, பெட்டியை விடுங்கள், ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட்டிடமே போங்கள். சிறைக்கு வெளியே சிகிச்சை தர உத்தரவிடக் கோரி மனு. கோர்ட் உத்தரவு போனால் ஆயுதப்படையிலிருந்து எஸ்கார்ட் எப்படியோ வந்துவிடும், பார்த்திருக்கிறேன். வக்கீல் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள். 15100க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

கோவில்பட்டிக்காரி:
சரிண்ணா. ஆனால் வாய்தா எல்லாம் வீடியோவில்தான் நடக்கிறது. கையை எப்படிக் காட்டுவான்?

கோர்ட் குமாஸ்தா:
நேரில் ஆஜர்படுத்த வேண்டும் என்று மனுவிலேயே சேர்த்துக் கேளுங்கள். கூடவே சிறை டாக்டரின் அறிக்கையைத் தருவிக்கவும் கேளுங்கள். களிம்பு மட்டும்தான் கொடுத்தார்களா என்பது அதில் வந்துவிடும்.