கதவருகே ஒருக்களித்துத் திரும்புகிறவர்: அதர்கின்களோடு நம் அனுபவங்கள்

நான் மிச்சிகனில் பிசியோதெரபிஸ்ட். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் மறுபடியும் அந்தச் செய்தி சுற்றியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்களைப் பூனை என்று சொல்லிக்கொள்கிறார்களாம், அவர்களுக்காக பாத்ரூமில் லிட்டர் பாக்ஸ், அதாவது பூனைகள் மலம் கழிக்கும் மணல் பெட்டி, வைத்திருக்கிறார்களாம். 2022 ஜனவரியில் இதே பேச்சு எங்கள் மாநிலத்து மிட்லண்ட் நகரில் பரவியபோது, அந்த ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளரே அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எழுதி மறுத்தார். அதே வருஷம் மார்ச்சில் நெப்ராஸ்கா மாநில செனட்டர் புரூஸ் போஸ்டல்மன் இதை அவையில் பேசிவிட்டு, பொய் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவுக்குப் பிறகும் நம் ஆட்கள் அதை ஃபார்வர்டு செய்வதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. ஏனென்றால் அந்தக் கேலி யார் மீது விழுகிறதோ, அப்படி ஒருவரோடு நான் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

அவர் எங்கள் வார்டு நர்ஸ். ஐம்பதை நெருங்குகிறவர். மருந்துத் தட்டோடு கதவைத் தாண்டும்போதெல்லாம் தோளைக் கொஞ்சம் இறக்கி, உடம்பை ஒருக்களித்துத் திரும்புவார். அது ஸ்ட்ரெச்சர் போகிற அகலக் கதவு, இடிக்க வழியே இல்லை. கேன்டீனில் முதுகு சாயாத ஸ்டூலைத்தான் தேடி உட்காருவார். எனக்குத் தொழில் புத்தி. தோள்பட்டையில் வலி இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "வலி இல்லை. சிறகு. இல்லை என்று தெரியும், ஆனாலும் இருக்கிற மாதிரியே தோன்றும்."

தன்னை டிராகன் என்று உணர்கிறவர் அவர். டிராகன், எல்ஃப் (மேலைநாட்டுக் கதைகளில் வரும் வனதேவதை போன்ற இனம்), ஓநாய் என்று மனிதர் அல்லாத ஒன்றாகத் தன்னை உள்ளுக்குள் உணர்கிறவர்களைத்தான் அதர்கின் என்கிறார்கள். இது இன்ஸ்டாகிராம் காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1970களிலேயே தங்களை எல்ஃப் என்று சொல்லிக்கொண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். பெயர் வந்தது 1990இல். எல்ஃப்களுக்கென்று தொடங்கிய ஒரு மின்னஞ்சல் குழுவில் டிராகன், ஓர்க் என்று மற்றவர்களும் சேர, ஒவ்வொரு தடவையும் எல்லாப் பெயரையும் தட்டச்சு செய்து சலித்துப்போன ஒருவர் சுருக்கமாக அதர்கின் என்று எழுதினார். அதுவே நிலைத்துவிட்டது.

இல்லாத சிறகை உணர்வதை அவர்களும், இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்வதற்கு மருத்துவத்தில் சொல்வதுபோல, ஃபேன்டம் லிம்ப் என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை இழந்தவர்கள் இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்று சொல்லக் கேட்பது என் அன்றாட வேலை. இரண்டுக்கும் காரணம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இல்லாததை ஒருவர் உணர்வதைப் பொய் என்று சொல்லக்கூடாது என்பதை என் நோயாளிகள் எனக்கு எப்போதோ கற்றுத் தந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் மனநோய்தானே?" என்று எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டார்கள். தான் நிஜமாகவே விலங்காக மாறிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பும் அரிய நோய் ஒன்று உண்டு. மருத்துவத்தில் அதை கிளினிகல் லைகேந்திரோபி என்பார்கள். அவருடைய நிலை அது இல்லை. தன் உடம்பு மனித உடம்பு என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. வரி கட்டுகிறார், முட்டிவலிக்கு மாத்திரை போடுகிறார், இரவுப் பணியில் எல்லாரையும் விட நிதானமாக இருக்கிறார். அதர்கின் ஒருவருக்கு மனச்சோர்வு வரலாம், எனக்கும் வரலாம். அது தனிக் கதை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "போன ஜென்மத்து வாசனையா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய ஆரம்பித்துவிட்டார். அதை நர்ஸிடம் சொன்னதும் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. மறுபிறவி என்று நம்புகிற அதர்கின்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். இவர் அப்படி நம்புகிறவர் இல்லை. மூளை இப்படி அமைந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். உங்களில் யாருக்காவது இப்படிப்பட்டவர்களோடு பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

* * *

அக்கா, நான் லீட்ஸில் படிக்கிறேன். என் ஃபிளாட்மேட் ஃபிக்‌ஷன்கின். அதாவது ஒரு கற்பனைக் கதையில் வருகிற பாத்திரமாகத் தன்னை உணர்கிறவள். எந்தக் கதை என்று எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது.

தீவிர ரசிகை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் காஸ்ப்ளே, அதாவது அந்தப் பாத்திரத்தைப் போல வேஷம், போட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தப் பாத்திரம் செய்கிற பல காரியங்கள் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிடித்ததைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதைவிட நல்ல ஆளாகப் பார்த்து எடுத்திருப்பேனே என்றாள். அந்தத் தொடரில் அண்ணன் சாகிற பகுதி வந்தால் எழுந்து போய்விடுவாள். ஒரு நாள் மழை விட்டபின் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அங்கே மண் இப்படி மணக்காது" என்றாள். நான் அப்போது மதுரையை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு டிக்கெட் எடுத்தால் போகிற ஊர், அவளுக்கு அதுவும் இல்லையே என்று தொண்டை அடைத்தது.

இன்னொன்று. இப்போது பசங்க ஒரு பாத்திரம் தங்களைப் போல இருந்தாலே "நான் அதை கின் பண்றேன்" என்கிறார்கள். அவளுக்கு அது வலிக்கிறது. அவள் சொல்வது ஒப்புமை இல்லை, அடையாளம். அதே பாத்திரமாகத் தன்னை உணரும் வேறொருவரை இணையத்தில் பார்த்தபோது இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு அவர்கள் பேசிப் பழகிவிட்டார்கள்.

* * *

நான் பிட்ஸ்பர்க். 2006லிருந்து ஆந்த்ரோகான் என்ற ஃபர்ரி ரசிகர் மாநாடு எங்கள் ஊரில்தான் நடக்கிறது. விலங்கு உடை போட்டவர்கள் டவுன்டவுனில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து, எல்லாமே ஃபர்ரி என்ற ஒரே பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். ஃபர்ரி என்பது மனிதரைப் போல் பேசி நடக்கும் விலங்குப் பாத்திரங்களை விரும்புகிற ரசிகர் கூட்டம். பொழுதுபோக்கு. வேறு வேறு என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

என் மகளுக்குப் பதிமூன்று வயது. கொல்லைப்புறத்தில் நரி முகமூடி போட்டு, கையும் காலும் ஊன்றித் தாவிக்கொண்டிருந்தாள். அதன் பெயர் குவாட்ரோபிக்ஸ், உடற்பயிற்சி. அதைச் செய்கிற எல்லாரும் தங்களை விலங்காக உணர்கிறவர்கள் இல்லை. அப்படி உணர்கிற தீரியன்கள் எல்லாரும் அதைச் செய்வதும் இல்லை. அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டார் பார்க்கிறார்களே என்ற கோபத்தில் முகமூடியைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து அவளே ஃபெல்ட் துணி ஒட்டிச் செய்தது அது. அவள் கத்தவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி பதினொரு மணிக்கு எடுத்துப் பார்த்தேன். ஒரு காது கிழிந்திருந்தது. மறுநாள் அவளிடம் கொடுத்து, "உன்னை நரின்னு நினைக்கிறியாம்மா?" என்று கேட்டேன். "நான் மனுஷிதான்ப்பா, அது எனக்குத் தெரியாதா? உள்ளுக்குள்ள அப்படித் தோணுது. நானா தோணவைக்கல" என்றாள். நாளைக்கு இது மாறலாம், மாறாமலும் போகலாம். ஹோம்வொர்க், தூக்கம், சிநேகிதிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

ஜூனில் என் அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று உங்களிடம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மகளிடமே கேட்டேன். "நானே சொல்லிக்கிறேன்ப்பா. நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்றாள்.